முப்பத்தைந்தில் ஒரு பங்கு டாங்கிகள்: வண்ணமும் வெதரிங்கும், 9 ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மாடல் டாங்கி ஒன்றின் வண்ணப்பூச்சை அதை முடித்த அன்றே மதிப்பிட்டுவிடுவது நம்மிடையே வழக்கம். புகைப்படம் எடுக்கிறோம், நண்பர்களுக்குக் காட்டுகிறோம், கண்ணாடி அலமாரிக்குள் வைத்துவிட்டு அடுத்த கிட்டை, அதாவது பாகங்கள் அடங்கிய பெட்டியை, பிரிக்கிறோம். சென்ற போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, 9 ஆண்டுகளில் நான் முடித்த 26 டாங்கிகளையும் நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர் உருவங்களையும் மொத்தமாக வெளியே எடுத்து, சாப்பாட்டு மேசையில் ஆண்டு வரிசைப்படி அடுக்கி, சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முடித்த அன்று நான் பெருமைப்பட்ட சில வேலைகள் நிறம் மாறியும் உதிர்ந்தும் போயிருந்தன. அவசரமாக முடித்ததாக நினைத்து ஓரமாக வைத்திருந்த சில, இன்றும் அப்படியே இருந்தன. எந்தப் பொருள் தாங்கியது, எது தாங்கவில்லை, ஏன் என்பதை அந்த மேசையருகே நின்றபடி குறித்துக்கொண்ட பக்கங்களிலிருந்தே இதை எழுதுகிறேன். நான் வேலை செய்வது சென்னையில், குளிர்சாதனம் இல்லாத ஓர் அறையில். குளிர்நாட்டு மாடலர்கள் எழுதும் வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றி நான் இழந்தவை சில உண்டு என்பதால், இந்தச் சூழலை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் கட்டுபவை அனைத்தும் ஒன்றுக்கு முப்பத்தைந்து அளவிலானவை. இந்த விகிதம் எந்தக் கணக்கு நூலிலிருந்தும் வந்ததல்ல. 1961-இல் ஜப்பானின் தமியா நிறுவனம் மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கி ஒன்றை வெளியிட்டபோது, அதனுள் பேட்டரிகள் அடங்கும்படி உடலின் அளவை முடிவு செய்தது. அந்த அளவே பின்னர் உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. இந்த அளவில் 175 செ.மீ. உயரமுள்ள மனிதர் 5 செ.மீ. ஆகிறார், ஏறத்தாழ 6.9 மீட்டர் நீளமுள்ள பாந்தரின் உடற்பகுதி 20 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக அமைகிறது. வண்ணம் பூசுபவர் மனத்தில் நிறுத்த வேண்டிய கணக்கு இதைவிடச் சிறியது: மாடலின் மேல் நாம் விடும் 1 மி.மீ. கீறல், உண்மை வாகனத்தில் 3.5 செ.மீ. அகலமான காயம். வெதரிங் என்று மாடலர்கள் சொல்வது, வெயிலும் மழையும் தூசும் சேறும் எண்ணெயும் வீரர்களின் பூட்ஸும் ஒரு வாகனத்தின் மேல் விட்டுச்செல்லும் தடங்களை வண்ணத்தால் உருவாக்கும் வேலை. அதில் நான் செய்த பிழைகளில் பாதி, இந்த 3.5 செ.மீ. கணக்கை மறந்ததால் வந்தவை.

அடிப்படை நிறத்திலிருந்து தொடங்குகிறேன். ஆல்கஹால் கரைப்பான் கொண்ட அக்ரிலிக், தண்ணீரில் கரையும் அக்ரிலிக், லேக்கர் ஆகிய மூன்று வகைகளையும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறேன். காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் அடிப்பதற்கு முதல் வகைதான் இன்றும் என் முதல் தேர்வு, குறிப்பாகத் தமியாவின் எக்ஸ்எஃப் வரிசை. 0.3 மி.மீ. நாசிலில், ஒரு பங்கு வண்ணத்துக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு தின்னர் கலந்து, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடித்தால், மெல்லிய படலமாக இறங்கி பிளாஸ்டிக்கை உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது. அதே நிறுவனத்தின் தின்னருக்குப் பதிலாக லேக்கர் தின்னர் கலந்தால் பரப்பு இன்னும் வழவழப்பாக வருகிறது. ஆனால் அதற்குக் கரிவடிகட்டி பொருத்திய முகக்கவசமும் திறந்த சன்னலும் கட்டாயம். 10 மி.லி. குப்பிகளில் நான் 7 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சில இன்றும் பயன்படுகின்றன. மூடும் முன் குப்பியின் வாயைத் துடைத்து, வண்ணம் கெட்டியாகும்போது சில சொட்டுத் தின்னர் விடுவதைத் தவிர வேறு எதுவும் நான் செய்ததில்லை. இதே வகையைத் தூரிகையால் பூச முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும், ஏனெனில் இரண்டாவது இழுப்பு முதல் இழுப்பைக் கரைத்துக் கிளப்பிவிடும். தூரிகைக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்தான் ஏற்றது; அதன் பலவீனம், ப்ரைமர் என்னும் அடிப்பூச்சு இல்லாத பிளாஸ்டிக்கில் விரல் நகம் பட்டால் தோலாக உரிவது.

சென்னையின் பருவங்கள் இந்த வேலையை நேரடியாகப் பாதிக்கின்றன. அக்னி நட்சத்திர நாள்களில் வண்ணத் துளி நாசிலிலிருந்து பரப்பைத் தொடும் முன்பே காய்ந்து, மணல்தாள் போன்ற சொரசொரப்பாகப் படிகிறது. அப்போது காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டுச் சேர்ப்பதும், வழக்கத்தைவிட நெருக்கமாகப் பிடித்து அடிப்பதும் பயன் தருகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினை நேர்மாறானது. கம்ப்ரசர் உள்ளிழுக்கும் ஈரக் காற்று குழாயில் நீராகி, வண்ணத்தோடு சேர்ந்து துப்பும். ஈரப் பொறி பொருத்தியும், ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் காற்றுத் தொட்டியின் அடித் திருகைத் திறந்து நீரை வடித்தும்தான் இதைச் சமாளித்தேன்.

பெரிய இழப்பு வார்னிஷில் நேர்ந்தது. மூன்றாம் ஆண்டில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு நவம்பர் இரவில், அடர் சாம்பல் நிறத்தில் முடித்திருந்த ஒரு பான்சர் 4 டாங்கிக்கு ஸ்ப்ரே கேனிலிருந்து பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்துவிட்டு உறங்கப் போனேன். காலையில் டாங்கி முழுவதும் பாலாடை படர்ந்ததுபோல் வெளுத்திருந்தது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது; ஈரக் காற்றிலுள்ள நீராவி அந்தக் குளிர்ந்த படலத்தில் படிந்து சிக்கிக்கொள்கிறது; வெண்மை அதனால் வருவது. மெதுவாக ஆவியாகும் லேக்கர் தின்னரை மிக மெல்லியதாக அடித்துப் பாதியளவு மீட்டேன், எஞ்சிய பாதி இன்றும் அலமாரியில் மங்கலாகவே இருக்கிறது. அதற்குப் பின் அறையில் ஈரப்பதம் அளக்கும் ஹைக்ரோமீட்டர் ஒன்றை வாங்கி வைத்தேன். அது 65 விழுக்காட்டுக்குக் கீழே காட்டும் பிற்பகல்களில் மட்டுமே வார்னிஷ் அடிப்பது என்ற விதியை 6 ஆண்டுகளாக மீறவில்லை. அதன்பின் ஒரு மாடல்கூட வெளுக்கவில்லை. மழைக்காலத்தில் முடிக்கும் டாங்கிகள் தை, மாசி வரை காத்திருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

நிறத்தின் சரியான சாயல் குறித்துத் தொடக்கத்தில் நான் அளவுக்கு மீறிக் கவலைப்பட்டேன். ஜெர்மானிய வாகனங்களின் அடிப்படை நிறம் 1943 பிப்ரவரியில் அடர் சாம்பலிலிருந்து டுங்கல்கெல்ப் என்னும் அடர் மஞ்சளுக்கு மாறியது. அதன்மேல் ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் களத்திலேயே அடிக்கப்பட்டன. இந்த இரண்டு நிறங்களும் குழம்பு வடிவில் வழங்கப்பட்டன. வீரர்கள் கையில் கிடைத்ததைப் பொறுத்து அதைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து அடித்தார்கள். கரைசலின் அளவுக்கேற்ப ஒரே பிரிவின் இரு டாங்கிகளே வேறுவேறாகத் தெரிந்திருக்கும். இதை அறிந்த பிறகு, குப்பியில் உள்ள சாயலை நிறமாதிரி அட்டையோடு ஒப்பிட்டுத் தவிப்பதை விட்டுவிட்டேன். எக்ஸ்எஃப்-60 என்னும் அடர் மஞ்சளில் எக்ஸ்எஃப்-57 என்னும் பஃப் நிறத்தைச் சற்றுக் கலந்து வெளிறவைத்து அடிக்கிறேன். சிறிய பொருளில் நிறம் உண்மையைவிட இருண்டு தெரியும் என்பதாலும், அடுத்து வரும் ஒவ்வொரு வாஷும், அதாவது இடுக்குகளில் தங்கவிடும் நீர்த்த வண்ணமும், அதை மேலும் இருட்டாக்கும் என்பதாலும், தொடக்கத்தில் கண்ணுக்குச் சற்று வெளுப்பாகத் தோன்றும் நிறமே முடிவில் சரியாக நிற்கிறது.

இனி நான் விரிவாகச் சொல்ல விரும்பும் பொருளுக்கு வருகிறேன். இந்த 9 ஆண்டுகளில் வெதரிங்குக்கென்றே தயாரித்துக் குப்பிகளில் விற்கப்படும் பல வாஷ்களையும், அடிநிறத்தின் சாயலைச் சற்றே மாற்றும் ஃபில்டர்களையும் தூசுக் கரைசல்களையும் வாங்கியிருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவை தீர்ந்த பின் மீண்டும் வாங்கவில்லை. ஓவியர்கள் பயன்படுத்தும் சாதாரண ஆயில் வண்ணக் குழாய்கள் எட்டே எட்டு அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன: டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் ஓக்கர், ரா அம்பர், பர்ண்ட் அம்பர், பர்ண்ட் சியன்னா, பிரஷ்யன் நீலம், நேப்பிள்ஸ் மஞ்சள், கறுப்பு. கேமல் போன்ற நம்மூர்த் தயாரிப்புகளே இந்த வேலைக்குப் போதுமானவையாக இருந்தன. ஒரு குழாய் பல டாங்கிகளுக்கு வருகிறது. ஆயில் வண்ணத்தின் உண்மையான பயன் அது தரும் நேரம். அக்ரிலிக் வாஷ் நம் வெப்பத்தில் இரண்டு நிமிடத்தில் காய்ந்து ஓரங்களில் வளையக் கறை விடுகிறது. ஆயிலைப் பூசிவிட்டு, காபி குடித்துவிட்டு வந்து, பிடிக்காவிட்டால் டர்பன்டைனில் நனைத்த தூரிகையால் முழுவதும் துடைத்தெடுத்துவிடலாம். தவறு செய்தால் திரும்ப வரலாம் என்ற உறுதி இருக்கும்போது கை துணிந்து இயங்குகிறது.

முறையையும் சொல்லிவிடுகிறேன். குழாயிலிருந்து பிதுக்கிய வண்ணத்தை முதலில் ஒரு பழைய அட்டைப்பெட்டித் துண்டில் அரை மணி நேரம் வைக்கிறேன். உபரியான ஆளிவிதை எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்வதால், வண்ணம் பின்னர் பளபளக்காமல் மங்கலாகக் காய்கிறது. காயும் காலமும் குறைகிறது. இதைச் செய்யாமல் முடித்த என் முதல் நான்கு டாங்கிகள் இன்றும் ஆங்காங்கே எண்ணெய் தடவியதுபோல் மின்னுகின்றன. பிறகு டாங்கியின் ஒவ்வொரு தகட்டிலும் வெள்ளை, ஓக்கர், நீலம், சியன்னா எனச் சிறு புள்ளிகளை ஊசிமுனை அளவில் வைத்து, டர்பன்டைனில் நனைத்துப் பெரும்பாலும் துடைத்துவிட்ட தட்டைத் தூரிகையால், செங்குத்தான பரப்பில் மேலிருந்து கீழாகவும், கிடையான பரப்பில் தட்டித்தட்டியும் கலைக்கிறேன். எல்லாப் புள்ளிகளும் மறைந்த பின் எஞ்சுவது சொல்லத் தெரியாத ஒரு நிற வேறுபாடு மட்டுமே. ஒரே மஞ்சளாக இருந்த பக்கவாட்டுத் தகடு, வெயில் பட்ட இடமும் மழை வழிந்த இடமும் வேறுபட்டு உயிர் பெறுகிறது. அடுத்து, போல்ட் தலைகளையும் பற்றவைப்புக் கோடுகளையும் சுற்றி அடர் பழுப்பு வாஷை நுண்தூரிகையின் முனையால் தொட்டுவைப்பேன். இதற்குக் கறுப்பைப் பயன்படுத்துவது வாகனத்தை வரைபடம்போல் ஆக்கிவிடும். ரா அம்பரில் துளி கறுப்பு போதும்.

ஆயிலோடு வரும் டர்பன்டைனில் ஓர் ஆபத்து உண்டு. வண்ணப் படலம் மூடாத பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில், அதுவும் பசை போட்டு இறுக்கமாகப் பொருத்திய மூட்டுகளில், அது ஊடுருவி வெடிப்பை உண்டாக்கும். என் நான்காவது டாங்கியான டி-34-இன் சக்கர அச்சுகளைச் சேற்று வாஷில் குளிப்பாட்டியதுபோல் நனைத்துவிட்டு மறுநாள் தொட்டபோது, ஒரு பக்கத்துச் சக்கரங்கள் மூன்று கையோடு வந்தன. அன்றிலிருந்து சக்கரக் கைகளின் பின்புறத்தையும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியையும்கூட ப்ரைமர் பூசாமல் விட்டுவைப்பதில்லை. வாஷை வெள்ளமாக ஊற்றாமல் தூரிகை முனையளவே வைக்கிறேன்.

வண்ணம் உரிந்த தடங்களைக் காட்டும் சிப்பிங் வேலையில், ஹேர்ஸ்பிரே முறையை எட்டு டாங்கிகளில் பயன்படுத்தினேன். துரு நிறமோ ப்ரைமர் நிறமோ அடித்து வார்னிஷ் பூசி, அதன்மேல் சாதாரண ஹேர்ஸ்பிரேயை இரண்டு மெல்லிய படலமாக அடித்து, அன்றே மேல் நிறத்தையும் அடித்துவிட வேண்டும். பிறகு தண்ணீரால் நனைத்துக் கடினமான தூரிகையால் தேய்த்தால், அடியிலுள்ள ஹேர்ஸ்பிரே கரைந்து மேல் நிறம் செதில்களாகப் பெயரும். குளிர்காலத்தில் களத்தில் அவசரமாக அடிக்கப்பட்ட வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சைக் காட்ட இதற்கு ஈடான முறை இல்லை. மற்ற இடங்களில் இப்போது நான் அதை நாடுவதில்லை, ஏனெனில் எங்கே பெயர வேண்டும் என்று நாம் தீர்மானிப்பதைவிட எங்கே பெயர்கிறதோ அதை ஏற்றுக்கொள்ளும் நிலை வந்துவிடுகிறது. ஒரு சிறு ஸ்பாஞ்சு துண்டாலும் நுண்தூரிகையாலும் அடிப்படை நிறத்தைவிட வெளிர் சாயலில் முதலில் கீறலை வைத்து, பெரிய கீறல்களின் நடுவே மட்டும் அடர் பழுப்பைத் தொட்டுவிடுவது மெதுவான வேலைதான் என்றாலும், ஒவ்வொரு தடமும் நம் முடிவாக இருக்கிறது.

அந்த முடிவை எதை வைத்து எடுப்பது என்பதுதான் வெதரிங்கின் மையம். அகமதுநகரில் (இப்போது அகில்யாநகர்) 1994-இல் திறக்கப்பட்ட கவச வாகன அருங்காட்சியகத்தில் ஒரு முழுநாளைச் செலவிட்டேன். திறந்தவெளியில் நிற்கும் சென்சூரியன், பாட்டன், எங்கள் ஆவடியில் தயாரான விஜயந்தா ஆகியவற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தபோது, மழைக் கோடுகள் எங்கும் தன் விருப்பப்படி தொடங்குவதில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. ஒரு போல்ட்டின் கீழோ, கொக்கியின் கீழோ, தகடு மடியும் விளிம்பிலோ தொடங்கி, வழியில் ஒரு தடையைச் சந்திக்கும் இடத்தில் விரிந்து நிற்கின்றன. தூசு மேல்தட்டின் நடுவில் தங்குவதில்லை. மூலைகளிலும், நடமாட்டம் இல்லாத இடங்களிலும் ஒதுங்குகிறது. ஆனால் அங்கே கண்ட துருவை அப்படியே போர்க்கள டாங்கிக்கு எடுத்துச் செல்வது பிழை. பல்லாண்டுகள் மழையில் நின்று, மீண்டும் மீண்டும் வண்ணம் பூசப்பட்ட வாகனத்தின் துரு அது. 1943 ஜூலையில் குர்ஸ்க் போரில் இறங்கிய பாந்தர்கள் அந்த ஆண்டில்தான் தொழிற்சாலையை விட்டு வந்தவை. அவற்றின் கவசத்தில் ஆரஞ்சு நிறத் துரு வழிய நேரமே இருந்திருக்காது. அவற்றின்மேல் படிந்திருக்கக்கூடியது தூசு, எரிபொருள், பூட்ஸ் தேய்ந்த தடம், புகைபோக்கியின் வெந்த துரு ஆகியவையே. வெப்பத்தால் வண்ணம் எரிந்துபோவதால் புகைபோக்கி மட்டும் புதிய வாகனத்திலும் விரைவில் துருப்பிடிக்கும். சங்கிலித் தடத்தில் தரையைத் தொடும் பகுதி உராய்வால் வெள்ளிபோல் மின்னும். அதற்கு 6பி பென்சிலின் கரியைத் தேய்த்துவிடுவதைவிடச் சிறந்த பொருளை நான் காணவில்லை, 9 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த மின்னல் மங்கவில்லை.

பிக்மென்ட் எனப்படும் பொடிகளைப் பற்றி என் மதிப்பீடு காலப்போக்கில் இறங்கியிருக்கிறது. முதல் ஆண்டில், கடையில் விற்கும் பொடி எதற்கு, நம்மூர்ச் செம்மண்ணே போதுமே என்று நினைத்து, சலித்து எடுத்த மண்ணைக் கரைத்து ஒரு ஷெர்மனின் அடிப்பகுதியில் அப்பினேன். முதல் பிழை, அளவு: 0.1 மி.மீ. மணல் துகள்கூட இந்த விகிதத்தில் 3.5 மி.மீ. பரலாகிவிடும் என்பதால், சேறு சேறாகத் தெரியாமல் ஜல்லியாகத் தெரிந்தது. இரண்டாவது பிழை அடுத்த மழைக்காலத்தில் வெளிப்பட்டது. மண்ணிலிருந்த கரிமப் பொருளில் வெண்பூஞ்சை முளைத்து சக்கரங்களிடையே பஞ்சுபோல் நின்றது. கடையில் விற்கும் பிக்மென்ட்டுகள் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு போன்ற கனிமப் பொடிகள் என்பதால் பூஞ்சை பிடிக்கவில்லை. ஆயினும் பொடியை ஒட்டவைக்கும் ஃபிக்ஸர் திரவம் போட்டு இறுக்கினால் தூசின் மென்மை போய் நிறம் அடர்ந்துவிடுகிறது. இறுக்காமல் விட்டால் அலமாரித் தூசைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் நாம் வைத்த தூசும் சேர்ந்து போகிறது. மேசையில் அடுக்கியபோது, ஐந்தாண்டுக்கு முன் பொடியால் முடித்த டாங்கிகள் ஏறக்குறைய தூசற்று நின்றன. பஃப் நிற ஆயிலாலும் ஏர்பிரஷ்ஷில் அடித்த மெல்லிய அக்ரிலிக்காலும் தூசைக் காட்டிய டாங்கிகள் முடித்த அன்றுபோலவே இருந்தன. இப்போது பொடியைச் சங்கிலித் தடங்களிலும் சக்கர இடுக்குகளிலும் மட்டுமே பயன்படுத்துகிறேன்.

ஆயிலிலும் ஒரு குறையை இந்த ஆய்வில் கண்டேன். குளிர்கால வெள்ளைப் பூச்சை முழுவதும் டைட்டானியம் வெள்ளை ஆயிலால் செய்த ஒரு டாங்கி, கதவு மூடிய மர அலமாரியில் நான்கு ஆண்டுகள் இருந்ததில் பழைய சுவர்போல் மஞ்சளித்திருந்தது. ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும். வெளிச்சத்தில் வைத்தால் ஓரளவு மீளும். சன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில் சில வாரங்கள் வைத்ததில் பெருமளவு திரும்பி வந்தது. வெள்ளைக்கு மட்டும் இனி அக்ரிலிக்தான்.

வண்ணத்தோடு தொடர்பில்லாததுபோல் தோன்றினாலும் வண்ணத்தையே அழித்துவிடும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சில பழைய கிட்களில் வரும் மென்மையான வினைல் சங்கிலித் தடங்களில் உள்ள மென்மையாக்கி காலப்போக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் முடித்த ஒரு டாங்கியின் சக்கரங்கள், தடம் தொட்ட இடத்திலெல்லாம் மெழுகுபோல் உருகிப் பள்ளமாகியிருந்தன. நம் வெப்பம் இதை வேகப்படுத்தியிருக்க வேண்டும். தடத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே நல்ல வண்ணப் படலம் இருந்த இடங்களில் சேதம் குறைவு. இப்போது வினைல் தடம் வந்தால், துண்டுதுண்டாகக் கோக்கும் பிளாஸ்டிக் தடத்தை வாங்கி மாற்றிவிடுகிறேன்.

வீரர் உருவங்களுக்கு நான் வந்தது தாமதமாகத்தான். ஆனால் இன்று டாங்கியைவிட அதிக நேரத்தை அந்த 5 செ.மீ. மனிதர்கள்தாம் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கும் ஆயிலே என் கருவி. அக்ரிலிக்கால் முகத்தின் அடிநிறத்தை இட்டு, அதன்மேல் நிழலையும் ஒளியையும் ஆயிலால் வைத்து, உலர்ந்த தூரிகையால் எல்லையைக் கலைக்கும்போது கிடைக்கும் மென்மையை, அக்ரிலிக்கை மட்டும் அடுக்கடுக்காகப் பூசி அடைய எனக்குக் கைவரவில்லை. கண்ணின் வெள்ளையை வரைவதை நிறுத்திவிட்டேன். ஒரு மீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்கும் 5 செ.மீ. உருவம், உண்மையில் 35 மீட்டர் தொலைவில் நிற்கும் மனிதருக்குச் சமம். அந்தத் தொலைவில் கண் என்பது இமையின் நிழல்கோடு மட்டுமே. வெள்ளையும் கருமணியும் வைத்த என் பழைய உருவங்கள் எல்லாம் திடுக்கிட்டு விழிப்பவர்கள்போல் நிற்கின்றன. தூரிகை வாங்குவோர் எண்ணில் சிறியதைத் தேட வேண்டியதில்லை; வின்சர் அண்ட் நியூட்டனின் சீரீஸ் 7 போன்ற கோலின்ஸ்கி முடித் தூரிகையில் எண் 1 வாங்கினால் முனையும் கூர்மையாக இருக்கும், வண்ணமும் வயிற்றில் தங்கும். முனையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதைக் கைவிட வேண்டும். வண்ணங்கள் சிலவற்றில் காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் உண்டு.

தோல் நிறம் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கிட் தாள்களும் வண்ணக் குப்பிகளும் தோல் நிறம் என்று சொல்வது பெரும்பாலும் ஐரோப்பியத் தோலின் நிறத்தை. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்ட இந்தியப் படைவீரர்களை வண்ணமிட விரும்பியபோது எனக்குக் கிடைத்த அறிவுரை, அதே தோல் நிறத்தில் பழுப்பைச் சேர்க்க வேண்டும் என்பதே. அப்படிச் செய்த முதல் உருவம் உயிரற்ற சாம்பல் முகத்தோடு வந்தது. பிழை, ஒளியிடத்தில் வெள்ளையைச் சேர்ப்பதில் இருக்கிறது. கறுத்த தோலில் வெளிச்சம் பட்டால் அது வெளுப்பதில்லை, பொன்னிறம் கொள்கிறது. பர்ண்ட் அம்பரும் பர்ண்ட் சியன்னாவும் சம அளவில் அடிநிறம். நிழலுக்கு அம்பரில் துளி பிரஷ்யன் நீலம். ஒளிக்கு ஓக்கரோடு சியன்னா, மிக உச்சியில் மட்டும் நேப்பிள்ஸ் மஞ்சள் ஊசிமுனையளவு. உதட்டில் சற்றே ஊதா கலந்த பழுப்பு. உள்ளங்கை அடிநிறத்தைவிட இரண்டு படி வெளிர். முகம் முழுவதும் மேட் வார்னிஷ் அடித்த பின், மூக்குத் தண்டிலும் கன்ன எலும்பிலும் நெற்றியிலும் சாட்டின் வார்னிஷை மெல்லத் தொட்டால், வியர்வையின் மினுக்கம் வந்து முகம் சட்டென்று விழித்துக்கொள்ளும். நம் ஊரில் தினமும் பேருந்தில் பார்க்கும் முகங்களை உற்றுக் கவனித்தே இந்தக் கலவைக்கு வந்து சேர்ந்தேன்; மூன்று ஆண்டுகளில் பதினொரு உருவங்களுக்குப் பயன்படுத்தியும் மாற்றத் தோன்றவில்லை.

இந்தக் கலவையைத் தேடிச் செல்ல எனக்கொரு காரணம் இருந்தது. நான்காவது இந்திய டிவிஷனோடு இத்தாலி சென்ற மதராஸ் சாப்பர்ஸ் என்னும் படைப் பொறியாளர் பிரிவில் சுபேதார் சுப்ரமணியன் என்பவர் இருந்தார். செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று, கண்ணிவெடி அகற்றும் பணியின்போது வெடிக்கவிருந்த கண்ணியின்மேல் தன் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்து உயிர்நீத்தார். அவருக்குப் பிரித்தானியாவின் உயரிய வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. அந்தப் பிரிவின் வீரர்களை ஒரு சிறு காட்சியாக அமைக்கும் வேலை இப்போது என் மேசையில் நடக்கிறது. பிரித்தானியக் காலாட்படை உருவங்களின் உடல்களைக் கொண்டு, கையில் கண்ணிவெடி கண்டறியும் கருவி ஏந்திய மூவரை அமைத்திருக்கிறேன். பாட்டில்டிரெஸ் உடையின் பழுப்புக் காக்கிக்கு ரா அம்பரோடு ஓக்கரும் துளி கறுப்பும். கம்பளித் துணி மின்னக் கூடாது என்பதால் அந்த வண்ணத்தை மட்டும் அட்டையில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்தேன். பிப்ரவரி மாத இத்தாலியச் சேறு முழங்கால்வரை ஏறியிருக்க வேண்டும். அதற்குப் பொடி சேர்க்கவில்லை, அம்பரும் பஃப்பும் கலந்த ஆயில்தான். மூவரில் இருவரின் முகங்கள் காய்ந்துவிட்டன. மூன்றாமவரின் நெற்றியில் வைத்த நேப்பிள்ஸ் மஞ்சள் சற்றுக் கூடிவிட்டதால், நேற்று இரவு டர்பன்டைனால் துடைத்தெடுத்து மீண்டும் வைத்தேன். வெயில் நாள்கள் என்பதால் வெள்ளிக்கிழமைக்குள் காய்ந்துவிடும், அதன்பின் ஹைக்ரோமீட்டரைப் பார்த்துவிட்டு வார்னிஷ் அடிக்க வேண்டும்.